சாவி செய்யும் தொழில்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

22 வருஷமாகச் சாவி செய்கிறேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, டிப்ளமோ முடித்திருக்கிறேன். இந்த வேலையைக் கற்க எங்கே சேர வேண்டும்?

பதில்: கடையில் சேருங்கள் தம்பி. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அப்பாவிடமோ மாமாவிடமோ உட்கார்ந்து கற்றவர்கள்தான். ஐடிஐயில் 2 வருஷ ஃபிட்டர் படிப்பு முடித்தவர் என்றால் இன்னும் நல்லது, அங்கே சாவி செய்யச் சொல்லித் தர மாட்டார்கள், ஆனால் அரம் பிடிக்கக் கை பழகியிருக்கும். என் குரு முதல் ஆறு மாதம் என்னைப் பூட்டைத் தொடவே விடவில்லை, பித்தளைத் துண்டை மட்டம் பார்த்து அராவு என்று தினமும் உட்கார வைத்தார். அப்போது அழுகையாக வந்தது. இப்போது என்னிடம் வரும் பையன்களுக்கும் அதையேதான் கொடுக்கிறேன்.

கேள்வி: சாவியே தொலைந்துவிட்டால் மாதிரி இல்லாமல் எப்படிப் புதுச் சாவி செய்வீர்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. வீட்டுக் கதவில் இருக்கும் ‘பின்’ பூட்டுக்குள் பெரும்பாலும் 5 அல்லது 6 ஜோடிப் பின்கள், அதாவது குட்டிக் கம்பித் துண்டுகள், ஸ்பிரிங்கோடு நிற்கும். சரியான சாவி போனால் ஒவ்வொரு ஜோடியும் பிரியும் இடம் சாவி நுழையும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை திரும்பும். வெட்டு விழாத சாவியை உள்ளே விட்டு, இறுக்கித் திருப்பியபடியே லேசாக மேலும் கீழும் அசைத்தால், சரியான உயரத்துக்கு வராத பின் சாவியின் வெட்டு விழும் விளிம்பில் ஒரு பொட்டுத் தடம் வைக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அந்த இடத்தில் மட்டும் இரண்டு இழுப்பு அராவி, மறுபடி உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். தடம் நின்றுவிட்டதா, அதற்கு மேல் அரத்தை வைக்கவே கூடாது. ஒரு இழுப்பு கூடிப்போனால் அந்தச் சாவி வீண், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கேள்வி: திண்டுக்கல் பூட்டை ஏன் அவ்வளவு உயர்வாகச் சொல்கிறார்கள்?

பதில்: அதில் பின் கிடையாது, சாவி தூக்கிவிடும் லீவர் தகடுகள். கையாலேயே செய்வதால் பூட்டுக்குப் பூட்டு சாவியை ஒட்டிச் சரிசெய்கிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு மாங்காய்ப் பூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், அந்தக் கனமே சொல்லும்.

கேள்வி: சாவியைச் சோப்பில் அழுத்தி அச்சு எடுத்து வந்தால் செய்து தருவீர்களா?

பதில்: மாட்டேன், எவ்வளவு கொடுத்தாலும். தொழிலுக்கு வந்த புதிதில், சாவி தொலைந்துவிட்டது என்று ஒருவர் கூப்பிட்டார், நம்பிப் போய்த் திறந்துவிட்டேன். அது அவரோடு பாகப்பிரிவினைத் தகராறில் இருந்த தம்பியின் வீடு. அந்த வீட்டு அம்மா வாசலில் நின்று அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து வீடு என்றால் முகவரி உள்ள அடையாள அட்டை, வண்டி என்றால் ஆர்சி புத்தகம், நோட்டில் கையெழுத்து. பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன்.

கேள்வி: பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். பென்சில் முனையைத் தூளாக்கிச் சாவியில் தடவிப் போட்டுத் திருப்புங்கள்.

கேள்வி: கார் சாவியும் செய்வீர்களா?

பதில்: செய்கிறேன். இப்போதைய கார் சாவிக்குள் சிப் இருக்கிறது, வெட்டு சரியாக இருந்தாலும் அதை வண்டியோடு பதிவு செய்யாவிட்டால் இன்ஜின் ஓடாது. ஒரு சாவி கையில் இருக்கும்போதே இன்னொன்று போட்டு வையுங்கள், இரண்டும் தொலைந்த பிறகு வந்தால் வேலையும் செலவும் பல மடங்கு.