பெடலை எப்ப விடணும்? – கீபோர்டு கேள்வி பதில்

கேள்வி: சார், நான் சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறேன். கையை எடுத்தாலும் சத்தத்தை நீட்டி வைக்கிற சஸ்டெய்ன் பெடல் ஒண்ணு புதுசா வாங்கி மாட்டினதுல இருந்து எல்லாம் கலந்து கொழகொழன்னு கேக்குது, பாடுறவங்க பெடலை கழட்டிடுங்கன்னே சொல்லிட்டாங்க. என்ன பண்றது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கழட்டாதீங்க தம்பி. பெடல் வாங்கின எல்லாருமே எப்ப அமுக்கணும்னுதான் யோசிக்கிறாங்க, ஆனா எப்ப எடுக்கணுங்கறதுலதான் விஷயமே இருக்கு. சி மேஜர் கார்டு, அதாவது சி, ஈ, ஜி மூணையும் ஒண்ணா வாசிச்சுட்டு, பெடலை விடாம எஃப் மேஜருக்கு போறீங்கன்னு வைங்க, பழைய கார்டுல இருந்த ஈ-யும் புதுசா வந்த எஃப்-பும் அரை ஸ்வர இடைவெளியில ஒட்டி நின்னு ஒண்ணா ஒலிக்கும், அதாவது சி-யை ஸட்ஜமா வச்சா அந்தர காந்தாரமும் சுத்த மத்யமமும் ஒரே நேரத்துல கேக்குது, நீங்க சொல்ற கொழகொழ அதுதான்.

இதுக்கு வழி இருக்கு. புது கார்டுல கை விழுற அதே நேரத்துல கால் மேல வரணும், விரல் கீயை பிடிச்சிருக்கும்போதே கால் திரும்ப கீழ போகணும். கை இறங்கும்போது கால் ஏறும், அவ்ளோதான். தாளம் தட்டுற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டுல வச்சு ஒண்ணுல கார்டு வாசிச்சு காலை எடுங்க, ரெண்டுல அமுக்குங்க, மூணு நாலு அமுக்கினபடியே வச்சிருங்க, அடுத்த ஒண்ணுல மறுபடி. முதல்ல கால் கையோட சேர்ந்தே கீழ போகத்தான் பாக்கும், விடாதீங்க, நிதானமா பண்ணா படிஞ்சிடும். குதிகால் தரையில ஊனியே இருக்கணும், முன்பாதம் மட்டும்தான் வேலை செய்யணும். டைல்ஸ் தரையில பெடல் வழுக்கிட்டு ஓடும், அடியில ரப்பர் மேட் போட்டுக்கங்க.

இன்னொண்ணு, சர்ச் ஹால்லயே எதிரொலி இருக்கும், அதனால கீபோர்டுல ரிவெர்ப்பை குறைச்சிடுங்க. கீழ் ஸ்தாயில இடது கையால நெருக்கமா கார்டு பிடிச்சா எவ்ளோ நல்லா பெடல் போட்டாலும் தெளியாது, அங்க பேஸ் நோட் ஒண்ணு போதும். ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் டோன் வச்சா இன்னும் ஜாக்கிரதை, பியானோ சத்தம் தானா தேஞ்சு அடங்கிடும், ஆனா இந்த டோன்லாம் பெரும்பாலும் பெடலை எடுக்குற வரைக்கும் முழு சத்தத்தோட நிக்கும்.

கேள்வி: பெடலை அமுக்கினா சத்தம் நிக்குது, விட்டா நீளுது. பெடல் ரிப்பேரா?
– வாசகி, மதுரை

பதில்: ரிப்பேர் இல்லம்மா, போலாரிட்டி மாறியிருக்கு. பெடல்ல ரெண்டு வகை உண்டு, அமுக்கினா சர்க்யூட் சேர்றது ஒண்ணு, பிரியறது இன்னொண்ணு. பல கீபோர்டுகள் ஆன் ஆகும்போதே எது மாட்டியிருக்குன்னு பாத்துக்கும், அந்த நேரம் கால் பெடல் மேல இருந்தா தலைகீழா புரிஞ்சுக்கும். ஆஃப் பண்ணுங்க, பெடலை மாட்டுங்க, காலை தள்ளி வச்சுட்டு ஆன் பண்ணுங்க. அப்பவும் சரியாகலைன்னா பெடல்லயே போலாரிட்டி சுவிட்ச் இருக்கான்னு பாருங்க, இருந்தா மாத்தி விடுங்க.

கேள்வி: டிஜிட்டல் பியானோல மூணு பெடல் இருக்கு. நடுவுல இருக்குறதை அமுக்கினா ஒண்ணுமே நடக்கல. அது எதுக்கு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அதுதான் சோஸ்டெனுடோ, எனக்கு ரொம்ப பிடிச்ச பெடல், யாரும் சொல்லித்தராததுதான் வருத்தம். கிராண்ட் பியானோல ஸ்டெயின்வே 1874-ல பேடன்ட் வாங்கின அமைப்பு. நீங்க அமுக்குற அந்த நேரத்துல எந்த கீயெல்லாம் கீழ இருக்கோ அதை மட்டும் பிடிச்சு வச்சுக்கும், அப்புறம் வாசிக்கிறது எல்லாம் எப்பவும்போல கட் ஆகும். உங்களுக்கு ஒண்ணும் நடக்காததுக்கு வரிசைதான் காரணமா இருக்கும், பெடலை முதல்ல அமுக்கிட்டா அதுக்கு பிடிக்க எதுவும் இல்ல. முதல்ல கீ, அப்புறம் பெடல், அப்புறம் கையை எடுங்க. அந்த நேரம் வலது பக்க சஸ்டெய்ன் பெடலை அமுக்காதீங்க.

ஸ்ட்ரிங்ஸ் டோன் வச்சு கீழ ஸ-ப பிடிச்சு நடு பெடலை அமுக்கிட்டு கையை எடுங்க, சுருதி மாதிரி அது நிக்கும், ரெண்டு கையும் ஃப்ரீ, மேல வாசிக்கிற ஸ்வரமெல்லாம் சுத்தமா தனித்தனியா விழும். சஸ்டெய்ன் பெடலால இது முடியவே முடியாது. ஆனா கமகத்துக்கு ஸ்வரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் வீலை தொட்டுடாதீங்க, வழக்கமா அது அந்த டோன்ல ஒலிக்கிற எல்லாத்தையும் வளைக்கும், சுருதியும் சேர்ந்து சறுக்கும்.

ஒத்தை பெடல் வச்சிருக்கவங்களும் கைவிட வேணாம், காசியோல பல மாடல்கள்ல அந்த ஒரே பெடலை செட்டிங்ல சோஸ்டெனுடோவா மாத்திக்கலாம். கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்றவங்களுக்கு: மிடி (MIDI) கன்ட்ரோல் நம்பர்ல சஸ்டெய்ன் 64, சோஸ்டெனுடோ 66.

கேள்வி: பெடல் போட்டு வேகமா வாசிச்சா பழைய நோட் எல்லாம் திடீர்னு காணாம போகுது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பாலிஃபோனி, அதாவது கீபோர்டு ஒரே நேரத்துல ஒலிக்க வைக்கக்கூடிய நோட்டோட எண்ணிக்கை, தீந்துடுது. 32 பாலிஃபோனி கீபோர்டுல ரெண்டு டோனை லேயர் பண்ணா, அதாவது ஒண்ணு மேல ஒண்ணா சேர்த்து வச்சா, கைல 16 நோட்தான், பெடல் அதை சீக்கிரமே நிரப்பிடும், அப்புறம் பழசுல ஒண்ணை வெட்டித்தான் புதுசு வரும். லேயரை எடுங்க, பெடலை அடிக்கடி எடுத்து அமுக்குங்க.