ஃபிளாண்டர்ஸின் புளிப்பு பழுப்பு பீர்: கேட்டதும் சொன்னதும்

பெல்ஜியத்தின் வடபாதியான ஃபிளாண்டர்ஸில் காய்ச்சும் புளிப்பு பழுப்பு பீரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கென்ட் நகரத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் பீர் தொழிலில் இல்லை. குடித்துப் பார்த்தும், ஆலைகளில் போய் நின்றும், அங்கிருப்பவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, ஆசைப்பட்டு ஒரு ரோடன்பாக் வாங்கினேன். வினிகரைக் குடித்த மாதிரி இருந்தது. பாட்டில் கெட்டுப்போயிருக்குமோ?

பதில்: பெரும்பாலும் இல்லை. நீங்கள் கண்டது அந்த பீரின் இயல்புதான், ஆனால் பாதிதான் கண்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு புளிப்பு இருக்கிறது. ஒன்று மோர்ப் புளிப்பு, அதாவது லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைக்கும் அதே இனத்து பாக்டீரியாக்களின் வேலை. மற்றது காடிப் புளிப்பு, அசெட்டிக் அமிலம். காற்றுப் பட்ட ஆல்கஹாலை இன்னொரு பாக்டீரியா காடியாக்குகிறது. கள் இரண்டு நாள் கிடந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மோர்ப் புளிப்புக்குப் பெரிதாக வாசனை கிடையாது, நாக்கில் மட்டும் தெரியும். காடிப் புளிப்பு மூக்கில்தான் முதலில் ஏறும். அதனால் முதல் தடவை குடிப்பவருக்கு வினிகர் மட்டும்தான் நினைவில் நிற்கிறது. ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். நாக்கில் புளிப்பும் இனிப்பும் மட்டும் தெரியும். விழுங்கியதும் மூக்கை விடுங்கள். அப்போது மேலே ஏறுகிறதே, அதுதான் காடியும் பழமும் மரமும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் அப்புறம் இது வினிகர் மாதிரி இருக்காது.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை தூக்கலாக அடித்து, தொண்டையும் எரிந்தால், அது எல்லை தாண்டிய பாட்டில். கீழே கொட்டிவிடலாம்.

கேள்வி: ரோடன்பாக்கைச் சிவப்பு என்கிறார்கள், லீஃப்மன்ஸைப் பழுப்பு என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே நிறமாகத் தெரிகிறது. உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா சார்?

பதில்: நிறத்தை விடுங்கள், பாத்திரத்தைப் பாருங்கள். ரோடன்பாக் இருப்பது மேற்கு ஃபிளாண்டர்ஸின் ரூசெலாரே ஊரில். 1821-இல் தொடங்கிய ஆலை. அங்கே 294 ஓக் மரத் தொட்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெரியதில் 65,000 லிட்டர் பிடிக்கும். இரண்டு வருடம் பீர் அதற்குள் கிடக்கும். மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை உள்ளே விடும். காற்று வந்தால் காடிப் புளிப்பும் வரும். மரத்திலிருந்து துவர்ப்பும் இறங்கும், பாக்கு மென்ற பிறகு வாயில் நிற்குமே, அதில் கால்வாசி.

லீஃப்மன்ஸ் இருப்பது கிழக்கு ஃபிளாண்டர்ஸில், ஸ்கெல்ட் ஆற்றங்கரையில் உள்ள ஔடெனார்டேயில். பதிவேடுகளில் 1679 முதல் பெயர் இருக்கிறது. நொதிக்க வைப்பது மூடியில்லாத செப்புத் தொட்டிகளில், பிறகு ஊற வைப்பது உலோகத் தொட்டிகளில். மரமே கிடையாது. அதனால் காடி குறைவு, மோர்ப் புளிப்பு அதிகம். கருகிய சர்க்கரை, உலர்திராட்சை, பேரீச்சை மாதிரியான மால்ட் சுவை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின் சுவை, முன்னால் நிற்கும். அவர்களுடைய கௌடன்பண்ட் என்ற பீரில் ஆல்கஹால் 8 சதவீதம். பெயருக்குப் ‘பொன் பட்டை’ என்று பொருள். ‘பழைய பழுப்பு’ என்று பொருள்படும் ஔட் பிரைன் என்ற பெயரைக் கறாராகப் பேசுபவர்கள் இந்தக் கிழக்கத்தி வகைக்குத்தான் கொடுப்பார்கள். மேற்கிலும் அதே பெயரை லேபிளில் போடும் ஆலைகள் உண்டு, அங்கேதான் குழப்பம்.

லீஃப்மன்ஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆலையில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்த ரோசா மெர்க்ஸ் பிறகு அங்கேயே தலைமைக் காய்ச்சுநர் ஆனார். பெல்ஜியத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

கேள்வி: ஆம்ஸ்டர்டாம் சூப்பர் மார்க்கெட்டில் ‘ஔட் பிரைன்’ வாங்கினேன். புளிப்பே இல்லை, சர்க்கரைத் தண்ணீர்!

பதில்: நெதர்லாந்தில் அதே பெயரில் விற்பது வேறு சரக்கு. ஆல்கஹால் குறைந்த, இனிப்பான கறுப்பு லாகர். பெயர் மட்டும்தான் ஒன்று. எல்லை தாண்டி வந்து வாங்குங்கள்.

கேள்வி: எப்படித்தான் குடிக்க வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள் அண்ணே.

பதில்: படிப்படியாகச் சொன்னால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். ஆனாலும் சில விஷயம் முக்கியம்.

முதலில் குளிர். ஐஸ் பெட்டியிலிருந்து நேராக ஊற்றினால் மால்ட்டின் இனிப்பு அமுங்கிப்போய்ப் புளிப்பும் துவர்ப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கௌடன்பண்ட் போன்ற கனமானவற்றுக்கு 10, 12 டிகிரி நல்லது, லேசானவற்றுக்கு 8 போதும். வெளியே எடுத்து வைத்து இருபது நிமிடம் பொறுங்கள். இங்கே ஒரு பாரில் பனி பூத்த கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார்கள். பாதி கிளாஸ் வரை எனக்கு எலுமிச்சைச் சாறாகத்தான் இருந்தது, மீதிப் பாதிதான் பீர்.

கிளாஸ் கீழே அகன்று மேலே குறுகியதாக இருக்கட்டும். வைன் கிளாஸே போதும். முக்கால்வாசிக்கு மேல் ஊற்றாதீர்கள். வாசனையை ஒரே மூச்சில் இழுக்காமல், நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி குட்டிக் குட்டியாக இழுங்கள். முதலில் காடி வரும், அது வந்து போகட்டும். அதற்குப் பின்னால் புளித்த செர்ரி, பிளம்ஸ், பழைய மர அலமாரியைத் திறந்த வாசனை, சில பாட்டில்களில் தோல் செருப்புக் கடை வாசனை. கடைசியாகச் சொன்னது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டின் கைவரிசை. மரத்தில் கிடந்த பீரில்தான் அதைத் தேட வேண்டும்.

முதல் வாயை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது வாய்க்கு ஓர் அதிர்ச்சி, எச்சில் ஊறும், அவ்வளவுதான். இரண்டாவது வாயில் இனிப்பு எங்கே தொடங்கிப் புளிப்பு எங்கே அதை முந்துகிறது என்று பாருங்கள். மூன்றாவதை விழுங்கிய பிறகு என்ன மிச்சம் நிற்கிறது என்று பாருங்கள். நாவல்பழம் தின்ற பிறகு நாக்கு இழுக்கிற மாதிரி இருந்தால் மரம் பேசுகிறது. கருப்பட்டி மாதிரி நின்றால் மால்ட் பேசுகிறது. ஒன்றுமே நிற்காமல் புளிப்பு மட்டும் சட்டென்று அறுந்துபோனால், என் கணக்கில் அது சுமாரான பீர்.

கேள்வி: கசப்பே இல்லையே, ஹாப்ஸ் போடவே மாட்டார்களா?

பதில்: கசப்புக்காகப் பீரில் சேர்க்கும் பூதான் ஹாப்ஸ். போடுவார்கள், கொஞ்சமாக. ஹாப்ஸ் லாக்டிக் பாக்டீரியாவை அடக்கிவிடும். நிறையப் போட்டால் புளிக்க வேண்டியது புளிக்காது. தவிர, கசப்பும் புளிப்பும் ஒரு வாயில் சேர்ந்தால் நன்றாக இருக்காது.

கேள்வி: லாம்பிக்கும் இதுவும் ஒன்றா?

பதில்: உறவுதான், ஒரே வீடு இல்லை. லாம்பிக் பிரஸ்ஸல்ஸ் பக்கத்துச் சரக்கு. கோதுமை சேர்த்தது, வெளிர் நிறம், ஈஸ்ட் போடாமல் காற்றில் வருவதையே நம்பிப் புளிக்க விடுவது. இங்கே காய்ச்சுபவர் கையாலேயே ஈஸ்ட் போடுகிறார். வீட்டில் உறை ஊற்றுவது மாதிரி.

கேள்வி: எனக்குப் பிடித்தது டுஷெஸ் டு பூர்கோன்யே. அது இனிப்புத் தண்ணி, கற்றுக்குட்டிகளுக்கானது என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: கிண்டலைக் கண்டுகொள்ளாதீர்கள். விக்டே ஊரில் வெர்ஹாகே ஆலை காய்ச்சுகிறது, 6.2 சதவீதம். இனிப்பு தூக்கல்தான், நானும் ஒரு கிளாஸுக்கு மேல் குடிப்பதில்லை. ஆனால் அந்த இனிப்புக்கு அடியில் ஓக் தொட்டியில் கிடந்த நல்ல பழைய பீர் இருக்கிறது. இந்த வகையில் காய்ச்சுவதைவிடக் கலப்பதுதான் பெரிய கலை. ரோடன்பாக்கின் சாதாரண பாட்டிலில் முக்கால் பங்கு புதியது, கால் பங்குதான் தொட்டியில் முதிர்ந்தது. அவர்களுடைய இன்னொரு பீரான கிராண்ட் க்ரூவில் முதிர்ந்தது மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள், கலவை என்ன செய்கிறது என்று அன்றைக்கே புரிந்துவிடும். உங்கள் டுஷெஸ் லேபிளில் பருந்தோடு இருக்கும் பெண் பர்கண்டியின் சீமாட்டி மேரி, பீரின் பெயரும் அவரைக் குறிப்பதுதான். 1482-இல் வேட்டைக்குப் போனபோது குதிரையிலிருந்து விழுந்து 25 வயதில் இறந்துபோனவர்.

கேள்வி: வருடக்கணக்கில் எடுத்து வைக்கலாமா?

பதில்: கௌடன்பண்ட் வைக்கலாம். வருடம் போகப் போகப் பழச்சுவை அடங்கி, ஷெர்ரி மதுவின் பக்கம் சாயும். இருட்டு, குளிர்ச்சி, பாட்டில் நின்றபடி, இது மூன்றும் வேண்டும். நான் ஒன்றைச் சமையலறை அலமாரியின் மேல் தட்டில், அடுப்புக்கு நேர் மேலே, இரண்டு கோடை வைத்திருந்தேன். திறந்தபோது நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. மனைவி அதை மாட்டுக்கறிக் குழம்பில் ஊற்றச் சொன்னாள், குழம்பும் கெட்டது. சாதாரண ரோடன்பாக்கை வைத்திருப்பதில் பயனில்லை, வாங்கினால் குடித்துவிடுங்கள்.

கேள்வி: கூட என்ன சாப்பிடலாம்?

பதில்: இந்த ஊர்க்காரர்கள் ஸ்டோஃப்ளேஸ் என்பார்கள். மாட்டிறைச்சியைப் பழுப்பு பீரில் மணிக்கணக்கில் வேகவைப்பது. கடுகு விழுது தடவிய ரொட்டித் துண்டு ஒன்றை மேலே போட்டுக் கரைய விடுவார்கள், குழம்பு அதில்தான் கெட்டியாகும். அதே பீரைக் கூடவும் குடிப்பார்கள். வட கடலின் சாம்பல் இறாலும் நல்ல ஜோடி. காரமான உணவோடு நான் சிபாரிசு செய்யமாட்டேன், புளிப்பு மிளகாய் எரிச்சலைக் கிளறிவிடும். பொரித்த மீனோடு தாராளமாக.

கேள்வி: தயிர் மாதிரி பாக்டீரியா இருக்கிறதென்றால் வயிற்றுக்கு நல்லதுதானே?

பதில்: இல்லை. பல பாட்டில்கள் சூடாக்கிக் கிருமி நீக்கியவை. வயிற்றுக்கு மோர் குடியுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் பெல்ஜியம் வருகிறேன். ஒரே நாள்தான் இருக்கிறது, எங்கே போகட்டும்?

பதில்: ரூசெலாரே. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். தொட்டிகள் நிற்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் உடனே படம் எடுக்க ஆரம்பிக்காதீர்கள், முதலில் மூச்சை இழுங்கள். காடி, ஈர மரம், செர்ரி எல்லாம் காற்றிலேயே இருக்கும். தொட்டிகள் ஆளை விட உயரம், சிவப்பு வளையம் போட்டிருப்பார்கள். அந்த வாசனையை வாங்கிக்கொண்டு வந்து கடைசியில் ஊற்றித் தரும் கிளாஸை முகர்ந்து பாருங்கள். ஔடெனார்டேக்கு நேரம் கிடைத்தால் கென்டிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி. வருவதற்கு முன்னால் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இல்லாவிட்டால் கூட வருகிறேன்.