மாதம் ஒரு பாட்டில் தண்ணீரில் சிக்காத காட்மியம்

கேள்வி: தொழிற்பேட்டைக்குக் கீழே ஓடும் ஆற்றில் மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கிறோம். காட்மியம் ‘கண்டறியும் வரம்புக்குக் கீழ்’ என்றே அறிக்கை வருகிறது. டிஜிடி (DGT) என்ற, தண்ணீரில் கரைந்த உலோகத்தை நாள்கணக்கில் சேகரிக்கும் கருவியை ஆற்றில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எத்தனை நாள் வைக்க வேண்டும்? வரும் அளவைச் சட்ட வரம்போடு ஒப்பிடலாமா?

பதில்: ஒரு வாரம் வையுங்கள். ஒப்பீட்டில்தான் சிக்கல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1994-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிசனும் ஜாங்கும் அறிமுகப்படுத்திய இந்தக் கருவி, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் வில்லைதான். அதில் 2 செ.மீ. விட்டமுள்ள திறப்பு, உள்ளே வடிகட்டும் சவ்வு, அதன் பின்னே ஜெல், கடைசியில் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் ரெசின். கரைந்த உலோகம் ஜெல்லின் வழியே விரவிச் சென்று ரெசினில் தங்கிவிடும். சவ்வும் ஜெல்லும் சேர்ந்து சுமார் 0.94 மி.மீ. தடிமன். விரவும் வேகம் தெரிந்திருப்பதால், சேர்ந்த எடையிலிருந்து தண்ணீரில் இருந்த சராசரிச் செறிவைக் கணக்கிடலாம்.

உங்கள் காட்மியத்தையே எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம்தான் இருக்கிறது, வெப்பநிலை 25 டிகிரி என்றால், ஏழு நாளில் ரெசினில் சுமார் 12 நானோகிராம் சேரும். அதை 1 மி.லி. நைட்ரிக் அமிலத்தில் இறக்கினால், அமிலத்தில் செறிவு லிட்டருக்கு ஏறக்குறைய 10 மைக்ரோகிராம். நூறு மடங்கு! ஆய்வகக் கருவி இதைத் தவறவிடாது. இரவில் இரண்டு மணி நேரம் திறந்துவிடப்படும் கழிவும் இந்தச் சராசரிக்குள் வந்துவிடும். எந்த இரவு என்று மட்டும் தெரியாது.

பத்து நாளைத் தாண்டி விட்டுவைக்காதீர்கள். அழுக்கான ஆற்றில் சவ்வின் மேல் பாசி படிந்து வழியை அடைத்துவிடும், அளவும் குறைத்துக் காட்டும். ஓட்டமில்லாத மடுவிலும் வைக்காதீர்கள். அங்கே வில்லையின் முகத்தில் அசையாத நீர்ப்படலம் தடித்து, ஜெல்லோடு சேர்ந்து பாதையை நீட்டிவிடும். வேறு இடமே இல்லையென்றால், வெவ்வேறு ஜெல் தடிமனுள்ள வில்லைகளை அருகருகே கட்டினால் அந்தப் படலத்தின் தடிமனையே கணக்கிட்டுவிடலாம்.

பலரும் அலட்சியம் செய்வது வெப்பநிலையை. ஐந்து டிகிரி தவறாகக் குறித்தால் முடிவு ஏறத்தாழ 15 சதவீதம் பிசகும். வில்லையோடு தானாகப் பதியும் ஒரு வெப்பமானியையும் கட்டிவிடுங்கள். தண்ணீரில் இறக்காத வில்லை ஒன்றையும் கரைவரை கொண்டுபோய், திறந்து மூடி, மற்றவற்றோடு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கையாளும்போது எவ்வளவு மாசு ஒட்டியது என்பதை அது காட்டும். துத்தநாகமும் பார்ப்பதாக இருந்தால் இது கட்டாயம். கையுறையிலிருந்துகூடத் துத்தநாகம் ஒட்டிக்கொள்ளும். எடுத்த வில்லையைக் காயவிடாமல், உறைய வைக்காமல், குளிரில் வைத்திருங்கள்.

இப்போது சட்ட வரம்பு. மண் துகளில் ஒட்டியதும், கரிமப் பொருளோடு இறுகப் பிணைந்ததும் டிஜிடியில் பெரும்பாலும் சிக்காது. எளிதில் பிரிந்து நகரக்கூடிய பங்கையே அது அளக்கிறது. உயிரினங்களுக்குள் புகக்கூடியது பெரும்பாலும் அந்தப் பங்குதான் என்பதால், ஆய்வுக்கு அது மதிப்புள்ளது. ஆனால் வரம்பு மொத்த உலோகத்துக்கோ, வடிகட்டிய நீருக்கோ விதிக்கப்பட்டிருந்தால், டிஜிடி அளவு அதைவிடக் குறைவாக இருப்பதை வைத்து ‘ஆறு சுத்தம்’ என்று எழுத முடியாது. வரம்பைத் தாண்டியிருந்தால் கதை வேறு: ஒரு பங்கே தாண்டிவிட்ட பிறகு மொத்தம் தாண்டாமல் இருக்காது. எப்படியானாலும், வில்லையை இறக்கும் நாளிலும் எடுக்கும் நாளிலும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, இரண்டு அளவுகளையும் சேர்த்தே அறிக்கையில் கொடுங்கள்.