முதுகெலும்பு மூட்டில் நீர்க்கட்டி என்றால் புற்றுநோயா? கால் ஏன் வலிக்கிறது?

அம்மாவின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘சைனோவியல் சிஸ்ட்’ என்று பார்த்ததும் பயந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், இது புற்றுநோய் இல்லை.

முதுகெலும்பில் அடுத்தடுத்த எலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் சிறு மூட்டுகள் உண்டு. முழங்காலில் இருப்பது போலவே அவற்றிலும் வழுவழுப்பான திரவம் இருக்கும். வயதாகி மூட்டு தேயும்போது அதன் உறை பிதுங்கி, திரவம் நிறைந்த பையாகிவிடலாம். அதுதான் இந்த ‘சைனோவியல் சிஸ்ட்’. பெரும்பாலும் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் 4-ஆம், 5-ஆம் எலும்புகளுக்கு நடுவில்தான் வரும். அங்கேதான் அசைவும் தேய்மானமும் அதிகம். பை உள்பக்கம் பிதுங்கினால் பக்கத்தில் ஓடும் நரம்பை அழுத்தும். அதனால்தான் கோளாறு முதுகில் இருக்க, வலி பிட்டத்திலிருந்து கால்வரை இழுக்கிறது. நின்றால், நடந்தால் கூடும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ குறையும். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடக்கும்போது அம்மாவுக்குச் சுகமாக இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

சில கட்டிகள் தானாகவே சுருங்கிவிடும். மாத்திரை, பிசியோதெரபி, அப்புறம் ஸ்டீராய்டு ஊசி என்று போவார்கள். ஊசியில் நிவாரணம் கிடைத்தாலும் வலி திரும்பலாம். அறுவை சிகிச்சையில் கட்டியையே எடுத்துவிடுவார்கள். எலும்பு நழுவியிருந்தால் திருகாணி வைத்து இணைப்பதும் உண்டு.

ஆனால் பாதம் தொங்கினாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.