மினி பிசியா, டெஸ்க்டாப்பா: எதை வைத்து முடிவு செய்வது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லை, மாற்றியே ஆக வேண்டும். வீட்டிலிருந்தபடி கணக்கு வேலை பார்க்கிறார், இரண்டு மானிட்டர் வைத்திருக்கிறார், அவ்வப்போது போட்டோக்களைச் சரிசெய்வார். பள்ளி முடிக்கப்போகும் மகனுக்கு வீடியோ எடிட்டிங்கும் கேமும் வேண்டுமாம். மேசையில் இடம் குறைவு. கையளவு மினி பிசி போதுமா, இல்லை வாங்கிவிட்டு வருத்தப்படுவேனா என்கிறார்.

உங்கள் வேலைக்கு மினி பிசி தாராளமாகப் போதும். மகனின் ஆசைக்குப் போதாது. இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கப் பார்த்தால்தான் சிக்கல் வரும், ஏன் என்று சொல்கிறேன்.

மினி பிசி ஒன்றைத் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் திரையும் கீபோர்டும் பேட்டரியும் இல்லாத ஒரு லேப்டாப்தான். பிராசசர் லேப்டாப்புக்காகச் செய்தது, ரேமும் லேப்டாப்பில் போடும் சின்ன ரேம், கரண்ட் வெளியே கிடக்கும் அடாப்டரிலிருந்து வருகிறது. எக்செல் கோப்பைத் திறப்பது, வரி கணக்கு மென்பொருளில் ஒரு அறிக்கை எடுப்பது, வலைப்பக்கம் திறப்பது எல்லாம் சில நொடி வேலைகள். அந்தச் சில நொடிக்கு லேப்டாப் பிராசசரும் முழு வேகத்தில் ஓடும் என்பதால் டெஸ்க்டாப்புக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. நீண்ட வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது, அதாவது பிராசசர் இடைவெளி இல்லாமல் உழைக்கும்போதுதான் வித்தியாசம் வரும். சின்னப் பெட்டியில் சூடு வெளியேற வழி குறைவு, அதனால் கொஞ்ச நேரத்தில் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றிச் சத்தம் போடும். டெஸ்க்டாப்பில் பெரிய ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டு), பெரிய ஃபேன், மெதுவாகச் சுற்றினாலே போதும்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு, அதாவது கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் திரையில் வரும் படங்களை உருவாக்கித் தரும் தனி அட்டை. என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பது இது ஒன்றுதான். ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற நடுத்தரக் கார்டே 115 வாட் கேட்கும், ஆர்டிஎக்ஸ் 4090 கேட்பது 450 வாட். டெஸ்க்டாப் மதர்போர்டில் கார்டைச் செருகும் பெரிய ஸ்லாட்டே 75 வாட் வரை தரும், மீதி பவர் சப்ளையிலிருந்து தனி வயரில் வரும். வழக்கமான மினி பிசியில் அந்த ஸ்லாட்டும் இல்லை, கார்டுக்கு இடமும் இல்லை. நல்ல மினிகளில் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இப்போது மோசமில்லை, ரைசன் 7 7840எச்எஸ் போன்றவற்றில் நிறைய கேம்களை அளவான செட்டிங்கில் ஆடலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து அது போதவில்லை என்றால் மாற்ற வழியே கிடையாது. யுஎஸ்பி 4 வழியாக வெளியே ஒரு பெட்டியில் கார்டை வைத்து இணைக்கலாம், சரி, ஆனால் அந்தப் பெட்டி, அதற்கொரு பவர் சப்ளை, நடுவில் கேபிள் என்று மேசையில் மிச்சப்படுத்திய இடமெல்லாம் போய்விடும், கார்டின் முழு வேகமும் கிடைக்காது. அந்த வழிக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

டெஸ்க்டாப் என்றாலே எல்லாவற்றையும் மாற்றலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் அப்படியே முழுதாக விற்கும் பல டெஸ்க்டாப்களில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்த நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் இருக்கும், கடையில் கிடைக்கும் பொதுவான பவர் சப்ளை அதில் பொருந்தாது, அப்புறம் கிராபிக்ஸ் கார்டு போடுவதும் கஷ்டம். அப்படிப்பட்ட டெஸ்க்டாப் மேசையைத்தான் அடைக்கும், பெட்டி பெரிதாக இருப்பதன் பலன் கிடைக்காது. வாங்குவதானால் ஏடிஎக்ஸ் அல்லது மைக்ரோ ஏடிஎக்ஸ் (பல நிறுவனங்களும் பின்பற்றும் பொது அளவுகள்) மதர்போர்டு, பொதுவான அளவுள்ள பவர் சப்ளை என்று உறுதி செய்துகொண்டு, பாகங்களைச் சேர்த்துக் கட்டித்தரச் சொல்லி வாங்குங்கள்.

மினி பிசியிலும் ஒன்று போல இன்னொன்று இருக்காது. இன்டெல் என்100 பிராசசர் போட்டு வரும் சின்னப் பெட்டிகளை நிறையப் பார்த்திருப்பீர்கள். 4 கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 6 வாட், ரேமுக்கு ஒரே ஒரு சேனல், அதாவது தரவு போய்வர ஒரே ஒரு பாதை. வீடியோ பார்க்க, மெயில் அனுப்ப, வீட்டுக் கோப்புகளைச் சேமிக்கும் சர்வராக வைக்க நல்லது. நாள் முழுக்க கணக்கு மென்பொருளும் பிரவுசரில் முப்பது நாற்பது டேபும் இரண்டு மானிட்டரும் என்றால் அதை வாங்காதீர்கள், ஒரு படி மேலே போங்கள். பழைய ஆபீஸ் மினிகள் கைமாறி வருவதும் உண்டு, அவற்றின் பிராசசர் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் 'டி' என்று இருக்கும். ஐ5-8500 பிராசசர் 65 வாட், ஐ5-8500டி 35 வாட்; கோர் இரண்டிலும் ஆறுதான், தொடர்ந்து ஓடும் வேகம்தான் குறைவு. உங்கள் வேலைக்கு அதுவும் சரிதான், ஆனால் 8ஆம் தலைமுறைக்கு (8500-இன் முதல் எண்ணான 8 அதைத்தான் குறிக்கிறது) கீழே போகாதீர்கள், அதற்கு முந்தைய இன்டெல் பிராசசர்களில் அநேகமாக எதையும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

ரேமைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். சில மினிகளில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், வாங்கும் அன்று என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிவரை. ஆப்பிளின் மேக் மினி எம்4-உம் அப்படித்தான், அற்புதமான இயந்திரம், ஆனால் 16 ஜிபியா 24 ஜிபியா என்பதை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். நீங்கள் விண்டோஸ் மினி வாங்கினால் இரண்டு ரேம் ஸ்லாட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், 16 ஜிபியை இரண்டு 8-ஆகப் போட்டால் இரண்டு சேனலும் வேலை செய்யும், உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கும் வேகம் கூடும்.

கரண்ட் விஷயத்தில் மினிக்குத்தான் லாபம். சும்மா இருக்கும்போதே கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் மினியைவிட 50 வாட் அதிகம் எடுக்கிறது என்று வையுங்கள், தினம் 8 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 146 யூனிட். பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த 50 வாட்டும் அறையில் சூடாகத்தான் வெளியே வரும். யுபிஎஸ்ஸில் மினி அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது கணக்கு வேலை பார்க்கிற உங்களுக்கு இதைவிடப் பெரிய லாபம்.

ஆகவே நான் சொல்வது: இப்போது உங்களுக்கு மட்டும் ஒரு மினி வாங்குங்கள், மானிட்டருக்குப் பின்னால் திருகி மாட்டிவிட்டால் மேசையில் இடமே பிடிக்காது. மகன் வீடியோ எடிட்டிங்கில் உண்மையாகவே இறங்கும்போது அவனுக்கென்று டெஸ்க்டாப் கட்டிக்கொள்ளலாம், அதற்குள் நல்ல கார்டுகளும் வந்திருக்கும். இரண்டு கணினிக்கு இப்போதைக்கும் பின்னாலும் வழியே இல்லை, ஒன்றுதான் என்றால் மட்டும் டெஸ்க்டாப் வாங்குங்கள், கிராபிக்ஸ் கார்டை அப்புறம் போடலாம், ஆனால் அதைத் தாங்கும் பவர் சப்ளையை இப்போதே போட்டுவிடுங்கள்.

மினி வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதிகம் கேள்விப்படாத பெயரில் வாங்கியிருந்தால், அதில் ஏற்றி வந்த விண்டோஸை அழித்துவிட்டு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கியதைப் புதிதாக ஏற்றுங்கள், வைஃபை டிரைவரை (வைஃபையை இயங்க வைக்கும் சின்ன மென்பொருள்) மட்டும் முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அடாப்டர் போய்விட்டால், மாற்று அடாப்டரில் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், பின்னின் அளவும் பிளஸ் மைனஸ் பக்கமும் ஒத்துப்போக வேண்டும். பழைய அடாப்டரின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை இப்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.