காட் ஆஃப் வார் வாங்கலாமாண்ணே? நம்ம மதுரைப் பசங்க கேட்டதும் நான் சொன்னதும்

2018-ல பிஎஸ்4-க்கும் (சோனியோட ப்ளேஸ்டேஷன் 4), 2022 ஜனவரியில கம்ப்யூட்டருக்கும் வந்த ‘காட் ஆஃப் வார்’ வீடியோ கேம் பத்தித்தான் பேச்சு. ரெண்டுலயும் முடிச்சுட்டேன், கேளுங்க.

செல்லூர்: பழைய பாகம் ஆடாம கதை புரியுமாண்ணே?

புரியும். நாம ஆடுற க்ரேட்டோஸோட பொண்டாட்டி செத்துப்போறா. தன் அஸ்தியை இருக்கிறதுலயே உசரமான மலை உச்சியில தூவணும்னு கேட்டிருந்தா. நாம ராமேஸ்வரம் கிளம்புற மாதிரி அப்பன் க்ரேட்டோஸும் மகன் அட்ரியஸும் கிளம்புறாங்க. குறுக்க வர்றது நார்ஸ், அதாவது வட ஐரோப்பாப் புராணத்து ஆளுங்க. க்ரேட்டோஸ் கிரேக்கக் கடவுள்களை வெட்டிச் சாய்ச்சதுதான் பழைய பாகம். அது தெரிஞ்சவனுக்கு, பாதிக் கதையில வீட்டுத் தரைக்கு அடியில இருந்து அவன் ஒண்ணை எடுக்கிறப்போ தொண்டை அடைக்கும்.

மேலூர்: கோடாலி கோடாலிங்கிறாங்களே, அப்படி என்ன?

மேலூர்க்காரனுக்கு வளரியைப் பத்தி நான் சொல்லணுமா? க்ரேட்டோஸோட கோடாலியும் அப்படித்தான், எறிஞ்சா போய்க் குத்தி நிக்கும். கன்ட்ரோலர்ல முக்கோணப் பட்டனை அமுக்கு, சுத்திக்கிட்டே திரும்பும். வர்ற வழியில நிக்கிறவனுக்கும் வெட்டு. கைக்குள்ள ‘டப்’புனு வந்து விழுறப்போ கன்ட்ரோலர் ஒரு அதிர் அதிரும். முதல் நாள் நான் சண்டைக்கே போகலை. ஒரு மரத்துல எறியிறதும் வாங்குறதுமா ஒரு மணி நேரம் ஓடிருச்சு. அந்த அதிர்வு கீபோர்டுல கிடைக்காது, அதனால கம்ப்யூட்டர்ல ஆடினாலும் கன்ட்ரோலர்தான்.

அனுப்பானடி: குறையே இல்லையா?

ஏன் இல்லை? பெரிய சண்டைன்னு நிமிர்ந்து உக்காந்தா, திரும்பத் திரும்ப அதே ட்ரோல் பூதம்தான், கையில தூணைத் தூக்கிக்கிட்டு. கலரும் பேரும்தான் மாறும். கேமரா முதுகுக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வரும். கதைக்கு அது அழகு, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு கட் கிடையாது. ஆனா நாலு பேர் சுத்தி வளைச்சா, பின்னாடி நிக்கிறவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். கவசத்துக்கு ஆயிரத்தெட்டு நம்பர் வேற, பலசரக்குக் கடைக் கணக்கு மாதிரி. ஒன்பது உலகம்னு சொல்லிட்டு ஆறுக்குள்ளதான் விடுவாங்க.

இத்தனைக்கும் நடுவுல, படகுல போறப்போ, க்ரேட்டோஸ் இடுப்புல தொங்குற பேசும் தலை மிமிர் சொல்ற கதை இருக்கே, அதுக்காகவே துடுப்பை மெதுவா போட்டேன்.

தெப்பக்குளம்: என் பையனுக்கு ஒன்பது வயசு. வாங்கித் தரலாமா தம்பி?

வேணாம்க்கா. ஐரோப்பாவுல 18 வயசுன்னு போட்டிருக்காங்க, சும்மா போடலை. நீங்க ஆடுங்க.

திருமங்கலம்: வால்கைரி ராணிகிட்ட நாலு நாளா அடி வாங்குறேன்ணே!

சிக்ரூன்தானே? வால்கைரின்னா நார்ஸ் புராணத்து றெக்கை வச்ச போர்ப் பொண்ணுங்க. மத்த எட்டுப் பேரோட வித்தையும் இந்த ராணிகிட்ட இருக்கு. சிவப்பு வளையம் மின்னுனா கேடயத்தைத் தூக்காத, உருண்டு ஓடு. மஞ்சள்னா சரியான நொடியில தட்டிவிடணும், சும்மா பிடிச்சா கேடயம் விலகிரும். ரெண்டு வெட்டு போட்டதும் விலகிரு. மூணாவதுக்கு ஆசைப்பட்டுத்தான் எல்லாரும் சாகுறோம்.

உசிலம்பட்டி: சிஸ்டம் பழசு, கரண்டும் போகும். ஓடுமா?

ஜிடிஎக்ஸ் 960 (4 ஜிபி) கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம், டிஸ்க்ல 70 ஜிபி இடம். குறைஞ்சது இவ்வளவு கேக்குது. கரண்டு போனாப் பயப்படாத, அங்கங்க அதுவே சேவ் ஆகிக்கும். சண்டை நடுவுல போனா மட்டும் முதல்ல இருந்துதான். எனக்கு சிக்ரூனோட உசுரு ஒரு விரக்கடை மிச்சம் இருக்கிறப்போ போச்சு. மறுநாளே யூபிஎஸ் வாங்கிட்டேன்.