‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன். என்னுடையது பன்னிரண்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார், கியர் வண்டி. ஒரு மாதமாகக் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அதோடு சரி. பக்கத்து வீட்டு அண்ணன் சுத்தியல் காம்பால் செல்ஃப் மோட்டாரை (என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) இரண்டு தட்டு தட்டினார், உடனே எடுத்துக்கொண்டது. அது போய்விட்டது என்கிறார். நானே வீட்டில் மாற்றலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம், உங்கள் மாதிரி வண்டிக்கு அரை நாள் வேலை. ஆனால் ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு பத்து நிமிடம் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ‘டகடகடக’ என்று தொடர்ந்து அடித்து வெளிச்சமும் மங்கினால் பேட்டரியிலோ டெர்மினலிலோ கோளாறு. வெளிச்சம் குறையாமல் ஒரே ‘டக்’ என்றால் சோலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. தட்டினால் எடுக்கிறது என்று வேறு சொல்கிறீர்கள், அப்படியென்றால் அநேகமாக உள்ளே சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், தட்டும் அதிர்வில் அது போய்த் தொட்டுக்கொள்கிறது. இது சில நாள்தான் தாங்கும்.

ஆனாலும் கடற்கரை ஓரம் இருக்கிறீர்கள், அதனால் எர்த் பட்டையை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியை, பார்க்காமல் மோட்டாரை வாங்காதீர்கள். புதுச்சேரி குருசுக்குப்பத்தில் குடியிருந்தபோது நான் மோட்டாரையே மாற்றினேன், மறுநாளும் அதே ‘டக்’. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் பின்னல் பட்டையின் போல்ட்டு மேலே பளிச்சென்று இருந்தது, கழற்றிப் பார்த்தால் அடியில் பச்சைப் பொடி, பட்டையை விரலால் மடக்கியதும் கம்பி கம்பியாக உதிர்ந்தது. உப்புக்காற்று செய்கிற வேலை அது. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை மோட்டார் உடம்பிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

சரி, மோட்டார்தான் என்று முடிவாகிவிட்டதா? முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது, ஏனென்றால் மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளில் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது, ஸ்பானர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பானரே பழுத்துவிடும். அடியில் படுக்க வேண்டியிருந்தால் சமதரை, ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கி ஸ்டாண்டு இத்தனையும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல்லை அடுக்கியோ தயவுசெய்து உள்ளே போகாதீர்கள்.

அப்புறம் தடித்த கேபிளின் நட்டு, சோலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர், கடைசியாக மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று போல்ட்டு. கடைசி போல்ட்டு வரும்போது ஒரு கை அடியில் இருக்கட்டும், சின்னதாகத் தெரிந்தாலும் கனம் இருக்கும். கழற்றிய ஓட்டை வழியாக டார்ச் அடித்து, மோட்டார் பிடித்துச் சுற்றும் ஃபிளைவீல் என்ற பெரிய சக்கரத்தின் பல்லைப் பாருங்கள். வண்டியை நாலாவது கியரில் போட்டு மெல்லத் தள்ளிச் சுற்று முழுவதும் பார்க்க வேண்டும், ஏனென்றால் என்ஜின் நிற்பது எப்போதும் குறிப்பிட்ட சில இடங்களில்தான், பல்லும் அங்கேதான் தேயும். வண்டி ஸ்டாண்டில் இருந்தால் இறக்கிய பிறகு இதைச் செய்யுங்கள்.

புதிதுதான் வாங்க வேண்டும் என்றில்லை. உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் கருகாமல் இருந்தால் பிரஷ்ஷும் அதன் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் மாற்றினாலே போதும், செல்ஃப் மோட்டார் வேலை பார்க்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். புதிது வாங்கினால் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பல் எண்ணிக்கையும் போல்ட்டு ஓட்டையும் ஒத்துப்பாருங்கள். மாட்டும் முன் மோட்டார் உட்காரும் முகத்தைத் துரு போகத் தேய்த்துவிடுங்கள், மோட்டாருக்கு எர்த்தே அந்த வழியாகத்தான் கிடைக்கிறது. கேபிள் நட்டு செப்புத் தண்டில் இருக்கும், அளவாக இறுக்குங்கள். நெகட்டிவைக் கடைசியில் மாட்டி, டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள்.

கேள்வி: நவம்பர் மழையில் வண்டி பாதி முங்கியது. வடிந்த பிறகு செல்ஃப் அடிக்கலாமா? (முத்தியால்பேட்டை)

பதில்: அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் ஃபில்டர் காய்ந்திருக்கிறதா, என்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி மாறியிருக்கிறதா என்று பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் சாவி. மோட்டார் தாழ்வாக இருப்பதால் அதற்குள் சேறு போயிருக்கும், அதையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.